கம்பெனி இன்சூரன்ஸ் யாரோடது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா கொஞ்சம் திருத்திச் சுருக்கியிருக்கோம்.)

போன எபிசோட்ல பி.எஃப் பத்திப் பேசினோம். அதுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல ஒண்ணுதான் திரும்பத் திரும்ப வந்துச்சு. "ப்ரோ, கம்பெனியில 5 லட்சத்துக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கு. தனியா ஒண்ணு எடுக்கணுமா?"

எடுங்கன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா கேள்வி கேட்ட எல்லாருக்கும் அந்த 5 லட்சம்ங்கிற நம்பர் தெரிஞ்சிருக்கு. அது யாருக்கு வரும், எவ்ளோ வரும், எப்போ நின்னு போகும்னு கேட்டா பதில் இல்ல. இன்னைக்கு அந்த மூணையும் பார்ப்போம்.

முதல்லயே சொல்லிடறேன். நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட் கிடையாது, இந்த எபிசோடுக்கு ஸ்பான்சரும் கிடையாது. பாலிசி டாக்குமென்ட்டை ஒரு வீக்கெண்ட் முழுக்க உட்கார்ந்து படிச்ச சாஃப்ட்வேர் இன்ஜினியர், அவ்ளோதான். ஏன் படிச்சேன்ங்கிறதை நடுவுல சொல்றேன்.

பாலிசி யார் பேர்ல இருக்கு?

நம்ம ஐடி கம்பெனிகள்ல கொடுக்கிறதுக்குப் பேரு குரூப் மெடிக்ளெய்ம். இதுல ஒப்பந்தம் கம்பெனிக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் நடுவுல. பாலிசிதாரர் உங்க கம்பெனி. நீங்களும் உங்க வீட்டு ஆளுங்களும் அந்த ஒப்பந்தத்தோட இணைச்சிருக்கிற லிஸ்ட்ல ஒரு வரி.

இது பெரும்பாலும் ஒரு வருஷ ஒப்பந்தம். வருஷா வருஷம் புதுப்பிக்கணும். போன வருஷம் ஊழியர்கள் நிறைய க்ளெய்ம் பண்ணியிருந்தா, இன்சூரன்ஸ் கம்பெனி பிரீமியத்தை ஏத்தும். உங்க கம்பெனி அதைக் குறைக்கப் பேரம் பேசும். அந்தப் பேரத்துல பெத்தவங்களுக்கு கோ-பே வரலாம், ரூம் வாடகைக்கு வரம்பு வரலாம், பெத்தவங்களையே எடுத்துட்டு "வேணும்னா நீங்க பணம் கட்டிச் சேர்த்துக்கோங்க"ன்னு ஆக்கலாம். எதுக்கும் உங்க கையெழுத்து தேவையில்ல. ஒரு மெயில் வரும். டெப்ளாய்மென்ட் இருக்கிற நாள்ல வந்தா யாரும் அதைத் திறந்துகூட பார்க்க மாட்டோம்.

அதுக்காக இது மோசமான விஷயம்னு நினைச்சிடாதீங்க. வெளியில நீங்களா ஒரு பாலிசி எடுத்தா, முதல் 30 நாள் விபத்து தவிர வேற எதுக்கும் பணம் வராது. ஏற்கெனவே இருக்கிற சுகர், பிரஷர், இதய நோய்க்கெல்லாம் 3 வருஷம் வரைக்கும் காத்திருக்கணும். ஐஆர்டிஏஐ, அதாவது இந்த இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கெல்லாம் கட்டுப்பாட்டு ஆணையம், 2024 ஏப்ரல்லதான் அந்த உச்சவரம்பை 4 வருஷத்துல இருந்து 3 வருஷமாக் குறைச்சாங்க. குரூப் பாலிசியில பெரும்பாலும் இந்தக் காத்திருப்பு எதுவுமே இருக்காது. சுகர் இருக்கிற அப்பாவுக்கு, மெடிக்கல் டெஸ்ட் இல்லாம, முதல் நாள்ல இருந்தே கவர். மகப்பேறும் அப்படித்தான். இந்தச் சலுகை வெளியில பணம் கொடுத்தாலும் சுலபமாக் கிடைக்காது. அதனால இருக்கிறவரைக்கும் முழுசாப் பயன்படுத்தணும். அதுக்கு உள்ளே என்ன எழுதியிருக்குன்னு தெரியணும்.

5 லட்சம் இருந்தும் கையில இருந்து போற பணம்

இந்தப் பகுதிதான் கொஞ்சம் கணக்கு. பேப்பர் பேனா இருந்தா எடுத்துக்கோங்க. நம்பரெல்லாம் கணக்குப் புரியறதுக்காக நானாப் போட்டது.

பாலிசியில "ரூம் ரென்ட்: சம் இன்ஷூர்டுல 1 சதவீதம்"னு ஒரு வரி இருக்கலாம். 5 லட்சத்துக்கு 1 சதவீதம்னா ஒரு நாளைக்கு 5,000 ரூபாய். அப்பாவுக்கு ஒரு ஆபரேஷன். ஆஸ்பத்திரியில 5,000 ரூபாய் ரூம் காலி இல்ல, 8,000 ரூபாய் ரூம் இருக்குன்னு சொல்றாங்க. நாலு நாள்தானே, 3,000 வீதம் 12,000 ரூபாய் நம்ம கையில இருந்து போகும், பரவாயில்லன்னு நினைக்கிறீங்க. கணக்கு அங்க நிக்காது.

பாலிசியில "ப்ரபோர்ஷனேட் டிடக்‌ஷன்"னு இன்னொரு வரி இருக்கும். உங்களுக்கு அனுமதி 5,000, நீங்க எடுத்தது 8,000. விகிதம் 62.5 சதவீதம். ரூம் வாடகை மட்டுமில்லாம சர்ஜன் ஃபீஸ், மயக்க மருந்து டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங்னு ரூமோட தரத்தைப் பொறுத்து ஏறுற எல்லாத்துலயும் 62.5 சதவீதம்தான் கொடுப்பாங்க.

மொத்த பில் 2,50,000 ரூபாய்னு வெச்சுக்கோங்க. ரூம் 32,000. டாக்டர்கள், தியேட்டர், நர்சிங் சேர்ந்து 1,60,000. மருந்தும் டெஸ்ட்டும் 50,000. மீதி 8,000 இன்சூரன்ஸ்ல வராத பொருள்கள்.

இப்போ கழிப்போம். ரூமுக்கு 20,000 வரும். டாக்டர், தியேட்டர் கணக்குல 1,60,000-க்கு 1,00,000 வரும். மருந்து, டெஸ்ட்டுக்கு 50,000 முழுசா வரும். அந்த 8,000-க்கு ஒண்ணும் வராது. மொத்தம் 1,70,000. பெத்தவங்களுக்கு 20 சதவீத கோ-பே இருந்தா, அதுல இன்னும் 34,000 கழியும். கடைசியா வர்றது 1,36,000. உங்க கையில இருந்து போறது 1,14,000 ரூபாய். பாலிசி 5 லட்சம், பில் அதுல பாதிதான். அப்படியும் லட்சத்துக்கு மேல நம்ம பாக்கெட்ல இருந்து.

அதே ஆபரேஷனை 5,000 ரூபாய் ரூம்ல இருந்து பண்ணியிருந்தா? நிறைய ஆஸ்பத்திரிகள்ல ரூம் குறைஞ்சா டாக்டர் ஃபீஸும் குறையும். டாக்டர், தியேட்டர் கணக்கு 1,20,000 ஆச்சுன்னு வெச்சுக்குவோம். அனுமதி 1,90,000. கோ-பே 38,000. அந்த 8,000-ஐயும் சேர்த்து உங்க செலவு 46,000. வித்தியாசம் 68,000 ரூபாய். அட்மிஷன் கவுன்டர்ல ரெண்டு நிமிஷத்துல எடுக்கிற முடிவு இது.

இதுல நமக்குச் சாதகமா ஒரு விதி இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோங்க. 2020-ல ஐஆர்டிஏஐ சொன்னபடி மருந்து, இம்ப்ளான்ட், டெஸ்ட் செலவுகள்ல இந்த விகிதக் கழிவு பண்ணக் கூடாது. ஐசியூ கட்டணத்துலயும் கூடாது. ரூமைப் பொறுத்து ஃபீஸ் மாறாத ஆஸ்பத்திரியிலயும் கூடாது. செட்டில்மென்ட் லெட்டர் வந்ததும் இந்த வரிகளைச் சரிபாருங்க. தப்பாக் கழிச்சிருந்தா எழுதிக் கேளுங்க.

அந்த 8,000 என்னன்னு கேப்பீங்க. கிளவுஸ், மாஸ்க், டயபர் மாதிரி சாமான்கள், சில நிர்வாகக் கட்டணங்கள். இப்படி 68 ஐட்டத்துக்கு ஐஆர்டிஏஐயே ஒரு பட்டியல் போட்டிருக்கு. கம்பெனி தனியா பேசிச் சேர்த்திருந்தா ஒழிய இதெல்லாம் நம்ம செலவுதான்.

ரூம் வாடகையும் கோ-பேயும் பார்த்தாச்சுன்னா அடுத்து சப்-லிமிட்டைத் தேடுங்க. கேட்டராக்ட்டுக்கு ஒரு கண்ணுக்கு இவ்ளோ, பிரசவத்துக்கு இவ்ளோன்னு தனித்தனி வரம்பு போட்டிருப்பாங்க. 5 லட்சம் கவர் இருந்தாலும் சிசேரியனுக்கு அந்தச் சின்ன வரம்புதான்.

லிஸ்ட்ல யார் யார் பேர் இருக்கு?

வருஷத்துக்கு ஒரு தடவை போர்ட்டல் திறந்திருக்கும். பெத்தவங்க பேரைச் சேர்க்கிறது பெரும்பாலும் அப்போ மட்டும்தான். நடுவுல சேர்க்கணும்னா கல்யாணம், குழந்தை பிறப்பு மாதிரி காரணம் வேணும். அதுக்கும் நாள் கணக்கு உண்டு, பல கம்பெனிகள்ல 30 நாள். புதுசா கல்யாணம் ஆனவங்க ஹனிமூன் போட்டோ போடறதுக்கு முன்னாடி போர்ட்டல்ல பேரைப் போட்டுடுங்க. குழந்தை பிறந்தாலும் அப்படித்தான். பேர் வெக்கலைன்னாலும் பரவாயில்ல, அம்மா பேர்ல "பேபி ஆஃப்"னு சேர்க்க முடியுமான்னு கேளுங்க.

ஆதார்ல இருக்கிற பேரும் பிறந்த தேதியும் போர்ட்டல்ல அப்படியே இருக்கணும். நம்ம ஊர்ல இனிஷியல் முன்னாடி வரும், பின்னாடி வரும், அப்பா பேராவே விரியும். ஆஸ்பத்திரி டெஸ்க்ல ராத்திரி 11 மணிக்கு இதை நிரூபிச்சுக்கிட்டு நிக்க முடியாது.

நெட்வொர்க் ஆஸ்பத்திரியைப் பெத்தவங்க இருக்கிற ஊர்ல தேடுங்க. நம்ம பெருங்குடியிலயோ சோழிங்கநல்லூர்லயோ இருக்கோம், சுத்தி எங்க பார்த்தாலும் நெட்வொர்க் ஆஸ்பத்திரிதான். எங்க வீடு விழுப்புரம் பக்கம். அங்க இருந்து அவசரத்துக்குப் போறது ஒண்ணு விழுப்புரம், இல்லன்னா புதுச்சேரி. அங்க எந்த ஆஸ்பத்திரியில கேஷ்லெஸ் உண்டுன்னு பார்த்து எழுதி, அம்மா போன்லயும் பக்கத்து வீட்டு அண்ணன் போன்லயும் போட்டு வெச்சிருக்கேன். இ-கார்டையும் அதே மாதிரி அனுப்பியிருக்கேன். கார்டு நம்ம லேப்டாப்ல இருந்து பிரயோஜனமில்ல.

ஆஸ்பத்திரி நாள்

கேஷ்லெஸ்னா ஆஸ்பத்திரி டெஸ்க்ல இருந்து டிபிஏவுக்கு ஒரு கோரிக்கை போகும். டிபிஏங்கிறது இன்சூரன்ஸ் கம்பெனிக்காக க்ளெய்ம் வேலையைப் பார்க்கிற நிறுவனம். 2024 மே மாசம் ஐஆர்டிஏஐ போட்ட விதிப்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள முடிவு சொல்லணும். டிஸ்சார்ஜ் அன்னைக்கு ஃபைனல் பில் போனதுல இருந்து 3 மணி நேரத்துக்குள்ள ஒப்புதல் வரணும். அதைத் தாண்டித் தாமதமாகி ஆஸ்பத்திரி கூடுதலா பணம் கேட்டா, அதை இன்சூரன்ஸ் கம்பெனிதான் கட்டணும். சாயங்காலம் வரைக்கும் வராண்டாவுல உட்கார வெச்சாங்கன்னா இந்த விதியைச் சொல்லிப் பேசலாம்.

நெட்வொர்க்ல இல்லாத ஆஸ்பத்திரியில சேர்த்தா முதல்ல நாம பணம் கட்டி, அப்புறம் திரும்ப வாங்கணும். அதுக்கும் சேர்த்த உடனே டிபிஏவுக்குத் தகவல் சொல்லணும். பல பாலிசிகள்ல 24 மணி நேரம் கெடு. டிஸ்சார்ஜ் சம்மரி, பிரிச்சுப் போட்ட பில், ரசீது, ரிப்போர்ட் எல்லாம் ஒரிஜினல் வேணும். கிளம்புறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

கவர் மொத்தமும் தீர்ந்து போற அளவுக்குப் பெரிய செலவு வந்தா, "கார்ப்பரேட் பஃபர்" இருக்கான்னு ஹெச்.ஆர்கிட்ட கேளுங்க. மொத்தக் கம்பெனிக்கும் பொதுவா ஒரு தொகையைச் சில கம்பெனிகள் ஒதுக்கி வெச்சிருக்கும். அதுல இருந்து உதவச் சொல்லிக் கேக்கலாம். அப்படி ஒண்ணு இருக்குன்னு யாரும் தானா வந்து சொல்ல மாட்டாங்க.

வேலையை விட்டா?

நான் எதுக்கு இதையெல்லாம் படிச்சேன்னு சொல்றேன்னு சொன்னேன்ல. இன்னைக்கு என் மெயில்ல ஒரு ஆஃபர் லெட்டர் இருக்கு. 30 சதவீதம் ஹைக். எனக்குப் பிடிச்ச வேலை. ஆனா அங்க ஊழியர், மனைவி, குழந்தைக்கு மட்டும்தான் கவர். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல. எனக்கு இன்சூரன்ஸ் வேண்டியது அப்பாவுக்கு.

அப்பாவுக்கு 61 வயசு. சுகர் இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஸ்டென்ட் வெச்சோம். அப்போ இப்ப இருக்கிற கம்பெனியோட பாலிசிதான் தாங்குச்சு. நான் ரிசைன் பண்ணினா என் கடைசி வேலை நாளோட அப்பாவோட கவரும் போயிடும். சில கம்பெனிகள்ல மாசக் கடைசி வரைக்கும் இருக்கும், அதுக்கு மேல கிடையாது.

வெளியில புதுசா எடுக்கலாம். 65 வயசுக்கு மேல கொடுக்க மாட்டோம்ங்கிற வழக்கமெல்லாம் 2024-லயே போயிடுச்சு. ஆனா ஸ்டென்ட் வெச்சவர்னா பிரீமியத்தை ஏத்தலாம், வேண்டாம்னும் சொல்லலாம். கொடுத்தாலும் இதயத்துக்கும் சுகருக்கும் 3 வருஷக் காத்திருப்பு போடலாம். அவருக்கு எது வரும்னு பயப்படறோமோ அதுக்கு மட்டும் பணம் வராத பாலிசியா இருக்கும்.

பாலிசியைப் படிக்கும்போது இதுக்கு ஒரு வழி கண்ணுல பட்டுச்சு. குரூப் பாலிசியில இருக்கிறவங்க வெளியில போகும்போது, அதே இன்சூரன்ஸ் கம்பெனியோட தனிநபர் பாலிசிக்கோ ஃபேமிலி பாலிசிக்கோ மாறிக்கலாம். மைக்ரேஷன்னு பேரு. குடும்பத்துல இருக்கிறவங்களுக்கும் அந்த உரிமை உண்டு. தொடர்ச்சியா கவர்ல இருந்த வருஷங்கள், பழைய கவர் தொகை வரைக்கும், காத்திருப்புக் காலத்துல கழியும். அப்பா 6 வருஷமா என் பாலிசியில இருக்கார். ஆனா மாறும்போது அவங்க மெடிக்கல் ஹிஸ்டரியைப் பார்ப்பாங்க, டெஸ்ட் கேக்கலாம், பிரீமியத்தையும் ஏத்தலாம். எழுதிக் கொடுத்தா கிடைச்சிடும்னு உத்தரவாதம் இல்ல.

அதனால நான் ரெண்டு மெயில் போட்டிருக்கேன். ஒண்ணு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு: அப்பாவை மைக்ரேட் பண்ண என்ன நிபந்தனை, என்ன பிரீமியம்னு எழுத்துல கேட்டிருக்கேன். ஸ்டென்ட், சுகர் எல்லாத்தையும் மறைக்காம எழுதியிருக்கேன். மறைச்சா க்ளெய்ம் நேரத்துல மொத்தமா நிராகரிச்சிடுவாங்க. இன்னொண்ணு புது கம்பெனி ஹெச்.ஆருக்கு: பணம் நானே கட்டினா பெத்தவங்களைச் சேர்க்க முடியுமா? பல கம்பெனிகள்ல இந்த வசதி இருக்கு, ஆஃபர் லெட்டர்ல இருக்காது. ரெண்டுல ஒரு பதிலாவது உருப்படியா வரணும். அதுவரைக்கும் ஆஃபருக்குச் சரின்னு சொல்லல.

அப்பாகிட்ட சொன்னேன். "என்னை வெச்சு உன் வேலையை முடிவு பண்ணாதடா"ன்னார். அவர் சொல்றது புரியுது. ஆனா ஸ்டென்ட் வெச்ச ராத்திரி பில்லைப் பார்த்தவன் நான். 30 சதவீத ஹைக்ல அவரோட பிரீமியத்தையும், அது கிடைக்காமப் போற ஆபத்தையும் கழிச்சுப் பார்த்துத்தான் அது எவ்ளோ ஹைக்னு சொல்ல முடியும்.

எனக்காவது யோசிக்க நேரம் இருக்கு. லேஆஃப்ல அது இருக்காது. 2022, 2023-ல நிறைய பேருக்கு நடந்த மாதிரி காலையில மீட்டிங், சாயங்காலம் லாகின் வேலை செய்யாது. பாலிசி நம்பர், இ-கார்டு, உங்களை எந்தத் தேதியில சேர்த்தாங்கங்கிற விவரம் எல்லாம் ஆஃபீஸ் போர்ட்டல்ல மட்டும் இருந்தா, மைக்ரேஷன் கேக்கக்கூட கையில ஆதாரம் இருக்காது. இன்னைக்கே டவுன்லோட் பண்ணி சொந்த மெயிலுக்கு அனுப்பிடுங்க.

அப்போ தனியா எடுக்கணுமா?

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். கம்பெனி கவர் வாடகை வீடு மாதிரி. வசதியாத்தான் இருக்கும், ஆனா காலி பண்ணுற தேதி நம்ம கையில இல்ல. 25 வயசுல உடம்புல எந்தப் பிரச்சினையும் இல்லாதப்போ சொந்தமா ஒரு பாலிசி எடுத்தா, பிரீமியமும் குறைவு, காத்திருப்புக் காலமும் ஆரோக்கியமா இருக்கும்போதே ஓடிடும். 5 வருஷம் தொடர்ந்து கட்டிட்டா, அதுக்கு அப்புறம் மோசடி தவிர வேற காரணம் சொல்லிப் பழைய விவரத்தைக் கிளறி க்ளெய்மை மறுக்க முடியாது. 2025 செப்டம்பர் 22-ல இருந்து தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டியும் இல்ல. முன்னாடி 18 சதவீதம் இருந்துச்சு.

உங்களுக்குக் கம்பெனி கவர் நல்லா இருக்கு, பட்ஜெட் கம்மின்னா, சூப்பர் டாப்-அப் பாருங்க. 5 லட்சம் வரைக்கும் கம்பெனி பாலிசி கொடுக்கட்டும், அதுக்கு மேல ஆகிற செலவு டாப்-அப்ல வரட்டும்னு எடுக்கிறது. பிரீமியம் ரொம்பக் குறைவு. ஆனா வேலை போனா அந்த முதல் 5 லட்சம் உங்க தலையில. அதை மறந்துடாதீங்க.

முதல் வேலையில இருக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒண்ணு. மாசச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள இருந்தா நீங்க ஈஎஸ்ஐ கணக்குல வருவீங்க. உங்க பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25 சதவீதம். பே-ஸ்லிப்ல பிடிக்கிற அந்தச் சின்னத் தொகையை வேஸ்ட்னு நினைக்காதீங்க. அதுல சிகிச்சைச் செலவுக்கு 5 லட்சம் மாதிரி உச்சவரம்பு கிடையாது. உங்களை நம்பி இருக்கிற பெத்தவங்களும் வருவாங்க. கே.கே.நகர் ஈஎஸ்ஐ மருத்துவமனையே ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

க்ளெய்ம் மறுத்துட்டாங்கன்னா முதல்ல இன்சூரன்ஸ் கம்பெனியோட குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்க. ஐஆர்டிஏஐயோட பீமா பரோசா தளத்துலயும் பதியலாம். 30 நாள்ல பதில் இல்லன்னாலோ, பதில் சரியில்லன்னாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன்கிட்ட போகலாம். சென்னையிலயே அலுவலகம் இருக்கு. வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்ல. குரூப் பாலிசியில இருக்கிறவங்களும் போகலாம்.

இந்த வார வேலை இதுதான். ஹெச்.ஆருக்கு ஒரு மெயில், அதுல அஞ்சு கேள்வி. ஒண்ணு, ரூம் வாடகை வரம்பு எவ்ளோ, விகிதக் கழிவு உண்டா? ரெண்டு, பெத்தவங்களுக்கு கோ-பே எத்தனை சதவீதம்? மூணு, எதுக்கெல்லாம் சப்-லிமிட்? நாலு, கார்ப்பரேட் பஃபர் இருக்கா? அஞ்சு, நான் வேலையை விட்டா கவர் எந்தத் தேதியில முடியும், மைக்ரேஷனுக்கு யார்கிட்ட பேசணும்? கூடவே முழுப் பாலிசி டாக்குமென்ட்டையும் கேளுங்க. பிரசன்டேஷன் ஸ்லைடு கொடுத்தா வாங்கிக்காதீங்க.

பதில் வந்ததும், புரியாத வரி இருந்தா உங்க பேர், பாலிசி நம்பர், கம்பெனி பேர் எல்லாம் மறைச்சுட்டு எங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அந்த வரிகளை வெச்சே பேசுவோம்.